மூன்றாம் நிமிடத்துச் சரிவு

மனுதாரர்கள் ஒலிக்கூடத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது விதி. சாட்சி சொல்லி முடித்தவர்கள் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது. வாட்ச்மேன் இதையெல்லாம் சொல்லித்தான் பார்த்திருக்கிறார். தேசம்மாள் அவரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் படியேறி வந்து, டீ குடித்துக்கொண்டிருந்த நிரஞ்சனாவின் எதிரில் நின்றாள்.

சண்டைக்கு வந்தவள் மாதிரி இல்லை. சந்தேகம் கேட்க வந்தவள் மாதிரி இருந்தாள். அதுதான் நிரஞ்சனாவுக்குச் சங்கடமாகப் போயிற்று.

"மன்றம் நான் பொய் சொன்னேன்னு எழுதிடுச்சும்மா. சரி, அவங்க என்னை நேர்ல பார்க்கல. நீ பார்த்தியே. கண்ணாடிக்கு அந்தாண்ட காதுல மாட்டிக்கினு நீதானே உட்கார்ந்துகினு இருந்தே. நான் பொய்யா சொன்னேன்?"

பதில் சொல்லக் கூடாது என்பதும் விதிதான். ஆனால் நிரஞ்சனாவின் வாயை அடைத்தது விதி அல்ல. இந்த அம்மாள் பேசியது அவளுக்கு வரிக்கு வரி நினைவிருந்தது. கடல் வீட்டைக் கொண்டுபோன பிறகும் கரண்டு மீட்டர் பெட்டி மட்டும் கம்பத்தில் தொங்கிக்கொண்டு ஓடியதாம். இல்லாத வீட்டுக்கு அடுத்த மாதமும் பில் வந்ததாம். அதைச் சொல்லும்போது தேசம்மாள் சிரிக்கப் போய் அழுதாள். இப்படியொரு பொய்யை உட்கார்ந்து யோசித்தாலும் யாருக்கும் தோன்றாது.

வாட்ச்மேன் மேலே வந்துவிட்டார். தேசம்மாள் தானாகவே திரும்பினாள். மாதக் கடைசியில் தாங்கள் தங்கியிருக்கும் முகாமை மூடப் போவதாகவும், வீடு கிடைக்காதவர்கள் எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை என்றும் வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். பாதிப் படியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஜெரால்டு சாரோட ஜனம் ஆறு குடும்பம். ஆறு பேருக்கும் வீடு வந்துடுச்சு. நாங்கதான் பொய்யனுங்களாம்."

டீ ஆறிப்போய்விட்டது. நிரஞ்சனா அதை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கடல் ஊருக்குள் வரத் தொடங்கிய பிறகு ஏற்படுத்தியதுதான் குடியமர்வு மன்றம். வடக்குக் கரையில் குப்பம் குப்பமாகத் தண்ணீர் கொண்டுபோயிற்று. உள்ளே வெகுதூரம் தள்ளி அடுக்குமாடி கட்டினார்கள். வீடு குறைவு, கேட்பவர்கள் அதிகம். நிஜமாகவே கரையில் வீடு வைத்திருந்தவர் யார், காற்றுவாக்கில் கேள்விப்பட்டுக் கூட்டத்தில் நுழைந்தவர் யார் என்று பிரிக்க வேண்டியிருந்தது. காகிதம் கேட்டால், காகிதத்தைத்தான் கடல் முதலில் தின்றிருந்தது. எனவே வாய்மொழிச் சாட்சியம்.

அதிலும் ஒரு சிக்கல். இரண்டு வாக்கியம் பேசவிட்டால் ஆள் எந்தக் குப்பம், எந்தச் சாதி, எத்தனையாம் வகுப்பு என்று கண்டுபிடித்துவிடுகிற ஊர் இது. தீர்ப்புச் சொல்பவர்களுக்கும் அந்தக் காது உண்டு. ஆகவே எல்லாக் குரலையும் ஒரே குரல் மாதிரி சமப்படுத்தி, முகத்தைச் சாம்பல் நிற நிழலாக்கி அனுப்புவது என்று முடிவாயிற்று. சாலிகிராமத்தில் சும்மா கிடந்த ஒரு டப்பிங் தியேட்டரை அதற்காக எடுத்துக்கொண்டார்கள். சினிமாவில் வேலை குறைந்து உட்கார்ந்திருந்த இரண்டு ஒலிப்பதிவாளர்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி நிரஞ்சனா. மற்றவர் ஜெரால்டு. அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவளுக்கு இந்தத் தொழிலில் முதல் நாளிலிருந்தே பழக்கம்.

ஆறு மாதம் கழித்து மெய்மானி வந்தது. சமப்படுத்திய குரலைக் கேட்டு, பேசுபவர் சொல்வது எவ்வளவு மெய் என்று முள்ளை ஏற்றி இறக்கிக் காட்டும் ஒரு மென்பொருள். வெறும் ஆலோசனைக்குத்தான் என்றார்கள். அரசாங்கத்தில் ஆலோசனைக்கு என்று வந்த எது ஆலோசனையாகவே நின்றிருக்கிறது? ஒரே வருடத்தில் முள் இறங்கினால் மனு தள்ளுபடி என்றாகிவிட்டது. ஒருமுறை இறங்கிய முள் பேச்சு முடிகிறவரை பழைய உயரத்துக்கு ஏறுவதும் இல்லை.

தேசம்மாள் சொல்லிவிட்டுப் போன ஆறு குடும்பம் நிரஞ்சனாவின் மனதில் முள்ளாகத் தைத்தது. ஜெரால்டு அண்ணனா? அவள் வாடகைக்கு வீடு தேடியபோது கூடவே அலைந்தவர். அவள் அப்பா இறந்தபோது தூக்கியவர்களில் ஒருவர். அவரைப் போய்ச் சந்தேகப்படுவதா என்று முதலில் தன்மேலேயே கோபம் வந்தது. மறுநாள் அவள் அறைக்குள் நுழைந்தபோது அவர் திரையில் எதையோ சட்டென்று மூடினார். அதுவரை ஆயிரம் தடவை மூடியிருப்பார். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

அப்புறம் எல்லாமே கண்ணில் படத் தொடங்கிற்று. அவர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போவது, சில மனுதாரர்களை வாசலிலேயே பெயர் சொல்லிக் கூப்பிடுவது, மதியம் சாப்பிடும்போது மன்றத்துப் பேச்செடுத்தால் வேறு பேச்சுக்குத் தாவுவது. அவளும் தன் பங்குக்குச் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு தனியே உட்கார ஆரம்பித்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததையும் அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

அவர் விடுப்பு எடுத்த ஒரு நாள், தேசம்மாளின் பதிவையும் தள்ளுபடியான வேறு நாலு பேரின் பதிவுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் அடுக்கினாள். பேசியவர்கள் வேறு, நாட்கள் வேறு. முள் இறங்கிய இடம் மட்டும் ஒன்று. எல்லோருக்கும் மூன்றாம் நிமிடத்தில். அந்த இடத்தில்தான் மன்றத்தின் முக்கியமான கேள்விக்குப் பதில் வரும்: உங்கள் வீடு கடலில் போன நாளைப் பற்றிச் சொல்லுங்கள். மக்கள் அந்தக் கேள்விக்குத்தான் பொய் சொல்கிறார்கள் என்று மேலே உள்ளவர்கள் அறிக்கையே எழுதியிருந்தார்கள்.

திரையில் கண்ணுக்குத் தெரிகிற ஒலித் தடங்களில் எந்தக் கோளாறும் இல்லை. பிறகு, வழக்கமாக யாரும் திறக்காத, மடித்துவைத்த தடங்களை ஒவ்வொன்றாக விரித்தாள். குரல் நடுக்கத்துக்கான தடத்தில் ஒரு கோடு நேராக வந்து, மூன்றாம் நிமிடத்தில் பள்ளத்தில் இறங்கி, கொஞ்ச தூரம் தரையோடு ஓடி, மறுபடி மேலே ஏறியது. ஐந்து பதிவிலும் அதே கோடு. அச்சு அசல்.

அழுகிறவரின் மூச்சு பதறும், ஆனால் குரலிலிருந்து நடுக்கத்தை இந்தக் கோடு உருவிவிடும். மெய்மானிக்கு அது ஒத்திகை பார்த்துவிட்டு வந்த பேச்சு. நெஞ்சு வெடித்து அழுதவர்கள்தான் பெரிய பொய்யர்களாகத் தெரிந்திருப்பார்கள்.

அன்று மாலையே மன்றச் செயலாளர் உமையாளிடம் போனாள். உமையாள் கெட்ட மனுஷி அல்ல. புரியாததைப் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதவள்.

"மேலயும் கீழயும் தள்றோமே, இந்தப் பொத்தான்தான் மேடம் ஃபேடர்" என்று நிரஞ்சனா கைபேசியில் படம் காட்டி விளக்கினாள். "ஒருத்தர் பேசும்போது நான் இதைக் கையால ஏத்தி இறக்கினா, மெஷின் அதை எழுதி வச்சுக்கும். அடுத்த தடவை நான் கையைக் கட்டிக்கிட்டு இருந்தாலும் அதே இடத்துல அதுவா ஏறும், அதுவா இறங்கும். ஆட்டோமேஷன்னு சொல்வோம். சத்தம், கூர்மை, நடுக்கம், எதை வேணும்னாலும் இப்படி எழுதலாம்."

"அப்போ ஒருத்தருக்காக எழுதினது இன்னொருத்தர் பேசும்போது ஓடுமா?"

"ஓடக்கூடாது மேடம். அழிச்சிட்டுப் புதுசா எழுதணும். யாரோ வேணும்னே விட்டிருந்தா ஓடும்."

யாரோ என்றால் யார் என்று உமையாள் கேட்டாள். அந்த ஃபேடர் மேசையில் இரண்டே பேர்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று மட்டும் நிரஞ்சனா சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை என்பதில் அவளுக்கு ஒரு அற்பத் திருப்தி இருந்தது. ஜெரால்டின் உறவினர்கள் ஆறு குடும்பம் வீடு வாங்கிய கதையை உமையாள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தாள். மறுநாள் காலை ஜெரால்டை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை மென்பொருளில் ஒரு புள்ளியைக்கூடத் தொடக்கூடாது, தொட்டால் சாட்சியத்தை அழித்த குற்றம் என்றும் அதில் இருந்தது.

நியாயம் செய்துவிட்டோம் என்ற நிம்மதி அவளுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தண்டையார்பேட்டையில் ஜெரால்டின் வீட்டுக்குப் போனாள். ஒப்புக்கொள்ளச் சொல்லலாம், ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். அவர் மனைவி ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜெரால்டு கோபப்படவில்லை. அந்தக் கோடு இருப்பது தனக்கு இரண்டு வருடமாகத் தெரியும் என்றார். வளவளவென்று பேசாதவர்களுக்கு முள் இறங்குவதில்லை என்பதைக் கவனித்து, தேடி, கண்டுபிடித்தாராம். ஊர் பெயர், அப்பா பெயர், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னால், வீடு போன கேள்வி சீக்கிரம் வந்துவிடும். பள்ளம் வருவதற்குள் பேசி முடித்துவிடலாம். தன் சொந்தக்காரர்களுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தாராம்.

"தெரிஞ்சும் ஏன்ணா சொல்லல? எத்தனை பேரு தெருவுக்கு வந்திருக்காங்க" என்று கேட்டபோது அவள் குரல் உயர்ந்துவிட்டது.

"யார்கிட்டம்மா சொல்றது? அது உன் கை."

அவளுக்குப் புரியவில்லை. ஜெரால்டு மேசைமேல் விரலால் அந்தக் கோட்டை இழுத்துக் காட்டினார். இறங்கும்போது தயங்கித் தயங்கி இறங்கும். ஏறும்போது வேகமாக ஏறி, போகவேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டிப்போய்த் திரும்பி வரும். பாட்டு மிக்ஸ் பண்ணிய காலத்திலிருந்தே அவள் ஃபேடர் ஓட்டுவது அப்படித்தான். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவருக்கு அடையாளம் தெரியாதா? அவளுக்குத்தான் தன் கை எப்படி இருக்கும் என்று தெரியாது.

பிறகு நினைவுக்கு வந்தது. மன்றம் தொடங்கிய முதல் வாரம், மெய்மானி என்ற பேச்சே இல்லாத நாட்கள். ஒரு பெரியவர், வீட்டோடு போன மகளின் பெயரைச் சொல்ல வந்தார். குரல் உடைந்து கீச்சென்று போயிற்று. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இரண்டு குமாஸ்தாக்கள் சிரித்துவிட்டார்கள். நிரஞ்சனாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர்களைத் திட்டுகிற அதிகாரம் அவளுக்கு இல்லை. நடுக்கத்தை மட்டும் கையால் மெல்ல இறக்கி, அவர் மகளைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை தரையில் பிடித்து வைத்திருந்தாள். மேலிடத்துக்குப் போன பதிவில் பெரியவர் கம்பீரமாகப் பேசினார். அவருக்கு வீடும் கிடைத்தது.

பதிவு அவ்வளவு சுத்தமாக வந்ததால், அதையே மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். சினிமாக்காரர்களின் பழக்கம் அது. எந்தப் படத்துக்கும் ஒன்றிலிருந்து தொடங்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. நன்றாக வந்த பழைய ஒலிக்கோப்பான செஷனைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுப் புதுக் குரலை வைப்பார்கள். கண்ணில் பட்ட தடங்களையெல்லாம் துடைத்திருந்தாள். மடித்துவைத்த தடத்தை மறந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பெரியவருக்காக இறங்கிய கை, வந்தவர்கள் எல்லோர்மேலும் இறங்கிக்கொண்டிருந்தது.

"வீடு கம்மி, ஆள் ஜாஸ்தி" என்றார் ஜெரால்டு. "மேல இருக்கறவங்க கழிச்சு விடச் சொல்லியிருப்பாங்க, நீயும் வேற வழியில்லாம செய்யறேன்னு நினைச்சேன். கேட்டா ரெண்டு பேர் வேலையும் போகும். என் ஜனத்தை மட்டுமாவது காப்பாத்திக்கலாம்னு இருந்துட்டேன்."

"என்னைப் போய் அப்படி நினைச்சீங்களாண்ணா?"

"நீ என்னை நினைக்கலியா?"

கிளம்பும்போது அது தெரியாமல் நடந்தது, சத்தியமாகத் தெரியாமல் நடந்தது என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். அவர் "சரிம்மா" என்றார். நம்பிவிட்டாரா, ஆளைக் கிளப்பிவிடுவதற்காகச் சொன்னாரா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தாள்.

நேராக உமையாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். உமையாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். முதலில் அவர் என்றீர்கள், இப்போது நான் என்கிறீர்கள், இரண்டில் எதை எழுதுவது என்று கேட்டாள். மன்றம் வாய்வார்த்தையாக எதையும் ஏற்காது, முறைப்படி சாட்சியமாகத்தான் பதிவு செய்ய வேண்டும் என்றாள். எந்த முறை என்று நிரஞ்சனா கேட்டாள். எல்லோருக்கும் உள்ள முறைதான். அதே ஒலிக்கூடம், அதே செஷன், அதே மெய்மானி. உத்தரவுப்படி அதில் ஒரு புள்ளியைக்கூட யாரும் தொட்டிருக்கவில்லை.

கோடு உள்ளேயே இருக்கும்போது என் பேச்சையும் அது கெடுக்குமே என்றாள் நிரஞ்சனா. அப்படி ஒரு கோடு கெடுக்கிறது என்பதே இனிமேல்தானே நிரூபணமாக வேண்டும் என்றாள் உமையாள். அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. விதி அப்படித்தான் இருந்தது.

விசாரணை அன்று வாசலில் ஜெரால்டு நின்றிருந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் என்ற முறையில் கண்ணாடிக்கு வெளியே மேசைப் பக்கம் உட்கார அவருக்கு உரிமை உண்டு. கடந்துபோகும்போது, "சுருக்கமா சொல்லிடு" என்று மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

இத்தனை வருடமாக மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அறைக்குள் நிரஞ்சனா முதல் தடவையாகப் போய் உட்கார்ந்தாள். மைக்குக்கு மேலே சிவப்பு எண்களில் கடிகாரம் ஓடியது. தேசம்மாள் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அந்த எண்கள் அவளுக்கு வெறும் எண்கள். நிரஞ்சனாவுக்கு அப்படியில்லை. மேசையில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த வேறொருவர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் உமையாள். சுவரோரமாக ஜெரால்டு. மெய்மானியின் திரை அவர்கள் பக்கம் இருந்தது. உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

அவள் சுருக்கமாகவே சொன்னாள். பெரியவர், சிரித்த குமாஸ்தாக்கள், தான் இறக்கிய நடுக்கம், மாதிரியாக வைத்த செஷன், துடைக்காமல் விட்ட தடம், ஜெரால்டுக்கு அதில் கை இல்லை என்பது. மூச்சுவிடாமல் சொல்லி முடித்தபோது கடிகாரம் இன்னும் மூன்றாம் நிமிடத்துக்குள் நுழையவில்லை. கண்ணாடிக்கு அப்பால் உமையாள் திரையைப் பார்த்துத் தலையசைப்பது தெரிந்தது. முள் மேலேயே நின்றிருக்கிறது. மன்றத்தின் சார்பில் உமையாளின் குரல் காதில் வந்தது. கோடு இருந்ததையும் அதை எழுதியது நிரஞ்சனாதான் என்பதையும் மன்றம் ஏற்கிறது. அதில் சிக்கிய மனுக்கள் எல்லாம் மறுபடி விசாரிக்கப்படும். அதுவரை முகாமை மூட மாட்டார்கள்.

தேசம்மாளுக்கு வீடு கிடைத்துவிடும் என்று நினைத்தவுடன் நிரஞ்சனாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. எழுந்துவிடலாம் என்று நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"ஒரு கேள்வி பாக்கி இருக்கு" என்றாள் உமையாள். "இதைத் தெரிஞ்சே செஞ்சீங்களா?"

கடிகாரம் மூன்றாம் நிமிடத்தில் இருந்தது. பள்ளம் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று அவளுக்கு அத்துப்படி. கேள்வி புரியவில்லை என்று சொல்லித் திரும்பக் கேட்கச் சொல்லலாம். தண்ணீர் எடுத்து நிதானமாகக் குடிக்கலாம். இருமலாம். கொஞ்ச நேரம்தான், கோடு தானாக மேலே ஏறிவிடும். ஏறிய பிறகு சொல்கிற பதிலை முள் நம்பும். டம்ளரை நோக்கிக் கையும் போயிற்று.

நிஜத்தைச் சொல்வதற்கு நேரம் பார்ப்பவள் பொய்க்காரிதானே என்று தோன்றிற்று. இந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதவர்கள் யாருக்கும் பொறுத்துப் பேசுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டவுடன் பதில் சொன்னார்கள். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்லை" என்றாள். "எனக்குத் தெரியாம நடந்தது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே அழிச்சிருப்பேன்."

தொண்டை நடுங்குவது அவளுக்கே தெரிந்தது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாருக்கும் அந்த நடுக்கம் கேட்காது என்பதும் தெரிந்தது. தலைமை அலுவலக ஆள் எதையோ குறித்துக்கொண்டார். உமையாள் திரையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்க்காமல் காகிதங்களை அடுக்கினாள். அது அவள் எதிர்பார்த்ததுதான்; கோட்டை ஏற்றுக்கொண்டாலும், முள் இறங்கினால் பொய் என்ற விதியை யாரும் இன்னும் மாற்றவில்லை. வலிக்கவில்லை.

அவள் ஜெரால்டைத் தேடினாள். அந்த இடத்தில் முள்ளை நம்பக்கூடாது என்று அவளைத் தவிர இந்த உலகத்தில் முதலிலேயே தெரிந்த ஒரே மனிதர் அவர். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை முள்ளோடு கூடவே மெல்ல இறங்கிக் கீழே வந்து நின்றது. பிறகு, அவளைப் பற்றி முன்பு நினைத்தது சரிதான் என்பதுபோலத் தனக்குள் தலையை ஆட்டிக்கொண்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து வெளியே போனார்.